செல்சி மலர்க் கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் செல்சி மலர்க் கண்காட்சியைப் பற்றிச் செடி வளர்ப்பில் ஈடுபாடு கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. நுழைவுச் சீட்டு, போகும் வழி போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அங்கே எதைப் பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது ஆகியவற்றுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் பெரிதாக வருபவை வடிவமைப்பாளர்களின் தோட்டங்கள்தான். ஆனால் இந்தக் கண்காட்சியின் உயிர் செடி வளர்ப்பவர்களின் கையில் இருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஆகையால் விடைகளும் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

கண்காட்சி எங்கே, எப்போது, யாரால் நடத்தப்படுகிறது?

தேம்ஸ் ஆற்றின் வடகரையில், செல்சி பகுதியில், ராயல் ஹாஸ்பிட்டல் செல்சி என்ற பழைய வளாகம் இருக்கிறது. முதிய படைவீரர்கள் தங்கி வாழ்வதற்காக இரண்டாம் சார்லஸ் மன்னர் 1682இல் நிறுவிய இல்லம் அது. அதன் கட்டடங்களை வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். சிவப்பு அங்கி அணிந்த அந்த முதியவர்களை இன்றும் கண்காட்சித் திடலில் பார்க்கலாம். கட்டடத்துக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 11 ஏக்கர் நிலத்தில், மே மாதத்தின் பிற்பகுதியில், செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாட்கள் கண்காட்சி நடைபெறுகிறது. நடத்துவது ராயல் தோட்டக்கலைச் சங்கம். ஆண்டில் மற்ற மாதங்களில் அந்த இடம் வெறும் புல்வெளிதான். முடிந்தபின் அதைப் புல்வெளியாகவே திருப்பித் தர வேண்டும்.

இது எப்படித் தொடங்கியது?

1804 மார்ச் மாதத்தில் ஜான் வெஜ்வுட், ஜோசப் பேங்க்ஸ் உள்ளிட்ட ஏழு பேர் லண்டனில் ஒரு புத்தகக் கடையில் கூடித் தோட்டக்கலைச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 1861இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1862இல், கென்சிங்டனில் இருந்த தன் தோட்டத்தில் சங்கம் முதல் பெரிய வசந்தகாலக் கண்காட்சியை நடத்தியது. பிறகு 1888 முதல் 1911 வரை அது லண்டனிலேயே உள்ள டெம்பிள் தோட்டத்தில் நடைபெற்றது. 1912இல் ராயல் ஹாஸ்பிட்டல் திடலில் ஒரு பன்னாட்டுத் தோட்டக்கலைக் கண்காட்சி நடைபெற்றபோது, அந்த இடம் எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சங்கத்தார் கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1913 மே மாதத்தில், தங்கள் கண்காட்சியை அங்கே மாற்றினார்கள். இன்று நாம் செல்சி என்று அழைப்பது அந்த 1913ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது.

தொடக்க காலத்தில் இது பெரும்பாலும் செடி வணிகர்களின் கூடுகையாக இருந்தது. உலகின் மலைகளிலிருந்தும் காடுகளிலிருந்தும் தாவரங்களைத் தேடிக் கொண்டுவந்து வளர்த்த பண்ணைகள், தங்கள் புதிய செடிகளைப் பெரிய தோட்டங்களின் உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய தலைமைத் தோட்டக்காரர்களுக்கும் காட்டி விற்பதற்கு வந்தன. இன்றுள்ள கோலாகலத்துக்கு நடுவிலும் அந்தப் பழைய நோக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

நடைபெறாத ஆண்டுகள் உண்டா?

உண்டு. முதல் உலகப் போரின்போது 1917, 1918 ஆகிய ஆண்டுகளிலும், இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1940 முதல் 1946 வரையிலும் நடைபெறவில்லை. 1947இல் மீண்டும் தொடங்க முனைந்தபோது, வளர்ப்பவர்களிடம் செடிகளும் இல்லை, பசுமைக்குடில்களைச் சூடாக்க எரிபொருளும் இல்லை என்ற நிலை இருந்தது, அப்படியும் நடத்தினார்கள். பெருந்தொற்றால் 2020இல் திடலில் எதுவும் நடைபெறவில்லை. 2021இல் அதன் வரலாற்றிலேயே முதல் முறையாகச் செப்டம்பரில் நடத்தப்பட்டபோது, வழக்கமான வசந்தகாலச் செடிகளின் இடத்தில் டாலியா, ஆஸ்டர், புல்வகைகள் ஆகியவை வந்தன. எந்த மாதத்தில் நடக்கிறதோ அந்த மாதத்துச் செடிகளே ஒரு கண்காட்சியின் முகத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை அந்த ஆண்டு நன்றாகக் காட்டியது.

வெவ்வேறு மாதங்களில் பூக்கும் செடிகள் ஒரே நாளில் எப்படிப் பூத்து நிற்கின்றன?

செல்சியைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் இதையே முதன்மையானது என்பேன். இங்கிலாந்தில் டாஃபோடில் மார்ச், ஏப்ரலில் பூத்து முடிந்துவிடும். நெடிய பூங்கதிர் விடும் டெல்பினியம் ஜூனில்தான் மலரத் தொடங்கும். ஆனால் செடி வளர்ப்பவர்கள் காட்சி வைக்கும் பெரும்பந்தலுக்குள் நுழைந்தால் இவ்விரண்டும் சில அடி இடைவெளியில், ஒரே காலையில், வாட்டமில்லாமல் நிற்கின்றன. ஒன்றைத் தாமதப்படுத்தியிருக்கிறார்கள், மற்றொன்றை முந்தச் செய்திருக்கிறார்கள்.

தாமதப்படுத்துவதற்குக் குளிரே கருவி. டாஃபோடில், டியூலிப் போன்றவற்றின் கிழங்குகளை உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையில் குளிர்பதன அறையில் வைத்தால், வெளியே வசந்தம் வந்துபோனாலும் அவற்றின் முளைகள் பெரும்பாலும் அப்படியே காத்திருக்கும். கண்காட்சிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு பகுதியையும், சில நாட்கள் கழித்து மற்றொரு பகுதியையும் எனத் தவணை தவணையாக வெளியே எடுக்கிறார்கள். ஏனெனில் எடுத்தபின் வெயில் எவ்வளவு இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு தவணை முந்திவிட்டால் அடுத்த தவணை கைகொடுக்கும்.

முந்தச் செய்வது இதைவிடக் கடினம். டெல்பினியம், லூபின் போன்றவற்றைக் கண்ணாடிக் குடிலுக்குள் கொண்டுபோய் இளஞ்சூட்டில் வளர்க்க வேண்டும். சூடு அதிகமானால் தண்டு மெலிந்து நீண்டுவிடும். அப்படிப்பட்ட பூங்கதிர் வண்டிப் பயணத்தைத் தாங்காது. சூடு குறைந்தால் மொட்டு நிறம் காட்டாமலே நின்றுவிடும். கடைசி வாரத்தில் ஒரே செடியைக் காலையில் நிழலுக்கும் மாலையில் வெயிலுக்கும் மாற்றி மாற்றி வைப்பதும், மூடியிருக்கும் மொட்டை விரியவைக்க முடி உலர்த்தும் கருவியால் மெல்ல வெதுவெதுப்பான காற்று காட்டுவதும் வழக்கமாக நடப்பவையே.

இதற்காகத் தேவையைப் போல இரண்டு, மூன்று மடங்கு செடிகளை வளர்த்து, அவற்றுள் அந்த நாளில் உச்சத்தில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கண்காட்சியின் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 2013இல், மார்ச் மாதம் பிரிட்டனில் பல பதிற்றாண்டுகளாகக் காணாத குளிராக அமைந்தது. வெளியில் எல்லாச் செடிகளும் பின்தங்கியிருந்த அந்த ஆண்டில் பந்தலை நிறைத்தவர்களின் உழைப்பை அளந்து சொல்வது கடினம். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்ற ஒரே புள்ளியை நோக்கி ஓராண்டாகச் செடிகளை நடத்திக்கொண்டு வருகிறார்கள். பார்வையாளர் அந்த ஓராண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கண்காட்சி முழுமையாகப் புலப்படும்.

காட்சித் தோட்டங்களை மூன்று வாரங்களில் எப்படி அமைக்கிறார்கள்?

கண்காட்சிக்கென்றே வடிவமைப்பாளர்கள் அமைக்கும் இந்தத் தோட்டங்களுக்குத் திடலில் வேலை செய்யக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று வாரங்கள்தான். ஆனால் வரைபடம், நிதி, செடி ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகிறது. பெரிய தோட்டங்கள் சுமார் 10 மீட்டருக்கு 22 மீட்டர் அளவுள்ளவை. முதலில் நிலத்தைத் தோண்டி, சுவர், குளம், நடைபாதை, சிறு கட்டடம் ஆகியவற்றை எழுப்புகிறார்கள். பிறகு பெருமரங்களைப் பாரந்தூக்கிகளால் இறக்கி நடுகிறார்கள். சிறு செடிகள் கடைசி வாரத்தில் வருகின்றன. அவற்றுள் பலவற்றைத் தொட்டியோடேயே மண்ணில் இறக்கி, விளிம்பு தெரியாதபடி மூடிவிடுகிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் அப்படி எண்ணவில்லை. சில நாட்களில் மீண்டும் எடுத்து வேறிடத்தில் நட வேண்டிய செடியின் வேரைக் கலைக்காமல் வைத்திருப்பதே அந்தச் செடிக்குச் செய்யும் நன்மை.

இந்தத் தோட்டங்களைப் பார்க்கும்போது செடி நெருக்கத்தைக் கவனித்து ஒதுக்கிவிட வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் மூன்று ஆண்டுகளில் நிரம்ப வேண்டிய இடம் அங்கே முதல் நாளே நிரம்பியிருக்கும். அந்த இடைவெளியில் நட்டால் அடுத்த ஆண்டே ஒன்றையொன்று நெருக்கி அழித்துவிடும். எந்த இலையை எந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், நிழலில் எதை நட்டார்கள், நீர் எந்தப் பக்கம் வடிகிறது ஆகியவற்றையே குறித்துக்கொள்ளலாம்.

தங்கப் பதக்கம் ஏன் இத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

இது ஓட்டப் பந்தயம் அன்று. முதலிடம் ஒருவருக்கு மட்டும் என்ற விதியும் இல்லை. தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய மாணவர் அனைவரும் முதல் வகுப்பில் தேறுவதைப் போல, தங்கத்துக்கான தரத்தைத் தொட்ட எல்லோருக்கும் தங்கம் கிடைக்கும். யாருமே தொடாவிட்டால் ஒருவருக்கும் கிடைக்காது. தங்கத்துக்கு அடுத்து பொன்முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம் என நான்கு படிகள் இருக்கின்றன.

தோட்டங்களைப் பொறுத்தவரை, வடிவமைப்பாளர் தன் தோட்டம் யாருக்காக, எந்த நிலத்துக்காக, எந்தப் பயனுக்காக அமைக்கப்படுகிறது என்பதை முன்னதாகவே எழுதித் தர வேண்டும். நடுவர்கள் அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்க்கிறார்கள். வறண்ட நிலத் தோட்டம் என்று எழுதிவிட்டு ஈரம் விரும்பும் செடியை நட்டிருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் குறையும். சுவரின் இணைப்பு, கல் பதித்த நேர்த்தி, செடிகளின் உடல்நிலை ஆகிய அனைத்தும் கணக்கில் வருகின்றன. பார்வையாளர் பலர் மயங்கி நின்ற ஒரு தோட்டத்துக்கு வெள்ளி மட்டும் கிடைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். 2002இல் அன்றைய இளவரசர் சார்லஸ், ஜின்னி ப்ளோம் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து அமைத்த மூலிகைத் தோட்டத்துக்கும் வெள்ளிப் பதக்கமே வழங்கப்பட்டது. நடுவர்களின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

பந்தலில் உள்ள செடி வளர்ப்பாளர்களுக்கு வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. செடியின் தரம், அடுக்கியிருக்கும் முறை, அதை வளர்ப்பதில் உள்ள கடினம், பெயர்ப் பலகைகள் சரியாக இருக்கின்றனவா என்பவற்றையெல்லாம் பார்க்கிறார்கள். பதக்க அட்டைகள் செவ்வாய்க்கிழமை காலையில் வைக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறந்த காட்சித் தோட்டம் என்ற பரிசு தனியே ஒன்று உண்டு. 2022இல் அதைப் பெற்ற லுலு அர்குஹார்ட், ஆடம் ஹன்ட் இருவரின் தோட்டம், நீர்நாய் போன்று ஓடையில் வாழ்ந்து மரத்தைக் கடித்து அணைகட்டும் பீவர் விலங்கு மீண்டும் குடியேறிய ஒரு காட்டு நிலத்தைக் காட்டியது. புல்லும் களைப்பூவும் நிறைந்த அதைத் தோட்டம் என்று சொல்லலாமா என்ற விவாதம் பல வாரங்கள் நீடித்தது. 2024இல் ஊலா மரியாவின் பிர்ச் மரத்தோப்புக்கும், 2025இல் கசுயுகி இஷிஹாராவின் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்துக்கும் அதே பரிசு கிடைத்தது.

ஐந்து நாட்களுக்காக இத்தனை செலவும் பொருளும் வீண் அல்லவா?

நியாயமான கேள்வி. நெடுங்காலம் இதற்கு நல்ல விடை இல்லாமல்தான் இருந்தது. தோட்டங்கள் உடைக்கப்பட்டன, செடிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன, கற்கள் அகற்றப்பட்டன. அண்மைக் காலத்தில் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. தோட்டத்தை எங்கே கொண்டுபோய் மீண்டும் அமைப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டு வரைபடம் போடுகிறார்கள். 2022இலிருந்து பிராஜெக்ட் கிவிங் பேக் என்ற அறக்கொடைத் திட்டம், தொண்டு நிறுவனங்களின் பெயரில் பல தோட்டங்களுக்கு நிதி அளித்து, அவை பிறகு மக்களுக்குப் பயன்படும் ஓர் இடத்தில் நிலைபெற வழிசெய்தது. 2023இல் சிறந்த தோட்டமாகத் தேர்வான ஹோரேஷியோஸ் கார்டன், சார்லட் ஹாரிஸ், ஹியூகோ பக் இருவரால் வடிவமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருப்பவர்கள் வந்து தங்கும்படி அமைந்த அது, ஷெஃபீல்டு நகரில் உள்ள முதுகுத்தண்டுக் காயச் சிகிச்சை மையத்துக்குச் சென்றது. ஐந்து நாட்கள் பார்க்கப்பட்டு, பல ஆண்டுகள் நோயாளிகளுக்கு நிழல் தரும் தோட்டத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் வேறு நாடுகளிலிருந்து பெருமரங்களைக் கொண்டுவருவதும், குடில்களைச் சூடாக்க எரிபொருள் செலவிடுவதும் உண்மையான சுமைகளே. தொட்டிக் கலவையில் பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணைக் கைவிடச் சொல்லிச் சங்கம் வலியுறுத்துவது சரியான பாதை. உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் அந்த மண்ணைத் தோண்டியெடுத்தால் அதில் சேமிக்கப்பட்டிருந்த கரிமம் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. சிறு பண்ணைகளுக்கு இந்த மாற்றம் எளிதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகப் பழகிய நீர்ப்பாசன அளவுகளை அவர்கள் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

பெரும்பந்தலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் அதில் பாதியை இங்கே செலவிடுங்கள். 1951 முதல் இருந்த பழைய துணிப் பந்தல் உலகின் மிகப் பெரிய கூடாரம் என்று பெயர் பெற்றது. 2000இல் அதை எடுத்துவிட்டுப் புதிய பந்தலை அமைத்தார்கள். ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்புள்ள இதற்குள் ரோஜா, ஆர்க்கிட், ஐரிஸ், கிளமாட்டிஸ், பெகோனியா, பெரணி, கள்ளி, பூச்சியுண்ணும் தாவரங்கள், காய்கறிகள் என ஒவ்வொன்றையும் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் நிற்கிறார்கள்.

1901இல் தொடங்கிய பிளாக்மோர் அண்டு லாங்டன் பண்ணை 1913ஆம் ஆண்டின் முதல் கண்காட்சியிலேயே பங்கேற்றது. அதே டெல்பினியமும் பெகோனியாவுமாக இன்றும் வருகிறது. மரம், புதர் வகைகளுக்குப் பெயர்பெற்ற ஹில்லியர் பண்ணை, தொடர்ச்சியாக 70க்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்களைப் பெற்றிருக்கிறது. ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் 1983இல் தன் மஞ்சள் ரோஜாவான கிரஹாம் தாமஸை இங்கே அறிமுகப்படுத்தினார். பழைய ரோஜாக்களின் வடிவமும் மணமும், புதிய ரோஜாக்களைப் போலத் திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பும் ஒன்றாகச் சேர்ந்த அவருடைய ரகங்களுக்கு உலகெங்கும் வரவேற்பு கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

நான் மிக மதிக்கும் பெயர் செடிப் பண்ணையாளர் பெத் சாட்டோ. 1970களில், பெரிய பூக்களை உடைய கலப்பின ரகங்களே மதிக்கப்பட்ட காலத்தில், அவர் இயற்கையில் உள்ளபடியே இருக்கும் சிறு செடிகளைக் கொண்டுவந்தார். நிழலில் வளர்பவை ஒரு பக்கம், வறட்சி தாங்குபவை மற்றொரு பக்கம், ஈரம் விரும்புபவை இன்னொரு பக்கம் என்று, அவை எந்த இடத்தில் வாழுமோ அந்த முறையில் அடுக்கினார். 1977க்கும் 1987க்கும் இடையே அவருக்குப் பத்துத் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. உங்கள் நிலத்துக்கு எது ஏற்றதோ அதை நடுங்கள் என்று இன்று எல்லோரும் எளிதாகச் சொல்லும் கருத்தை, பந்தலின் ஒரு மூலையில் செடிகளை வைத்தே அவர் மக்களுக்குப் புரியவைத்தார்.

அங்கே நிற்பவர்கள் விற்பனைப் பிரதிநிதிகள் அல்லர். பெரும்பாலும் அந்தச் செடிகளுக்குத் தாங்களே தண்ணீர் ஊற்றியவர்கள். எனவே தயங்காமல் கேளுங்கள். "இது என் வீட்டில் வளருமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, உங்கள் மண் களியா மணலா, காலை வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, கோடையில் வெப்பம் எவ்வளவு உயர்கிறது என்று விவரம் சொல்லிக் கேட்டால், புத்தகத்தில் கிடைக்காத விடை கிடைக்கும். வளராது என்றால் வளராது என்று சொல்லி, வேறொரு பண்ணையின் செடியைக் காட்டி அனுப்புபவர்களும் அங்கே உண்டு.

ஆண்டின் சிறந்த செடி என்ற பரிசு என்ன?

கண்காட்சியில் அறிமுகமாகும் புதிய செடிகளுள் ஒன்றுக்கு 2010 முதல் இந்தப் பரிசு வழங்கப்படுகிறது. முதல் ஆண்டில் அதைப் பெற்றது ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் என்ற பூச்செடியின் ஹார்லெக்வின் புளூ ரகம். பரிசு பெற்ற செடிக்கு உடனே பெரும் தேவை எழுவதால் கையிருப்பு விரைவில் தீர்ந்துவிடும். ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருந்து, பல தோட்டங்களில் அது எப்படி வளர்கிறது என்று தெரிந்தபின் வாங்குவதே நல்லது.

குள்ளப் பொம்மைகளுக்குத் தடை இருப்பது உண்மையா?

ஆம். செடிகளின் மேல் செல்லும் கவனத்தைக் கலைக்கும் என்பதால் குள்ள மனிதர் வடிவில் வண்ணம் பூசிய தோட்டப் பொம்மைகளைக் காட்சியில் வைக்கக் கூடாது என்பது பழைய விதி. நூற்றாண்டை ஒட்டி 2013இல் அதைத் தளர்த்தினார்கள்.

நுழைவுச் சீட்டை எப்படிப் பெறுவது? எந்த நாள் நல்லது?

சீட்டுகளை முன்பதிவு செய்தே பெற வேண்டும். வாயிலில் விற்பனை கிடையாது. பல மாதங்கள் முன்பே விற்பனை தொடங்கிவிடும். செவ்வாயும் புதனும் சங்க உறுப்பினர்களுக்கு உரியவை; மற்ற நாட்களில் பொதுமக்களும் வரலாம். உறுப்பினர்களுக்குச் சீட்டு விலையும் குறைவு. எனவே ஒருமுறைக்கு மேல் வர எண்ணுபவர்கள் உறுப்பினராகச் சேர்ந்துவிடுவது சிக்கனம். முழு நாள் சீட்டு விலை உயர்ந்தது. பிற்பகலில் நுழையும் சீட்டுகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. மே மாத இறுதியில் லண்டனில் இரவு ஒன்பது மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது என்பதால், மாலை ஒளியில் தோட்டங்களைப் பார்க்க அவை போதும். திங்கட்கிழமை அரச குடும்பத்தினர் வருகை தரும் நாள். அன்று பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மறைந்த இரண்டாம் எலிசபெத் அரசியார் 1952 முதல் சங்கத்தின் புரவலராக இருந்து, தம் கடைசி ஆண்டான 2022இலும் கண்காட்சிக்கு வந்து பார்த்தார்.

செடிகளுக்காக வருபவர் வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட வேண்டும். பந்தலுக்குள் இருக்கும் பூக்கள் நாளாக ஆகச் சோர்வது இயல்பு. வாடியதைக் கிள்ளியும் மாற்றியும் வைக்கிறார்கள் என்றாலும், சனிக்கிழமை பார்ப்பதும் வியாழன் பார்ப்பதும் ஒன்றாகா.

போகும் வழியும் நடைமுறைகளும் என்ன?

ஸ்லோன் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடைதான். வாகனம் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் பார்க்க வேண்டியிருப்பதால் பழகிய காலணி அணியுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஆயத்தமாக இருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை, கைக்குழந்தைகள் உட்பட, அனுமதிப்பதில்லை என்பது நெடுநாள் விதி. உதவி நாய்களைத் தவிர வேறு வளர்ப்பு விலங்குகளுக்கும் அனுமதி இல்லை.

செடிகளை அங்கேயே வாங்க முடியுமா?

காட்சியில் இருக்கும் செடிகளைக் கடைசி நாள் வரை யாருக்கும் தர மாட்டார்கள். விதைகளும் கருவிகளும் விற்பனைக்குக் கிடைக்கும். செடிகளுக்குப் பண்ணைகளிடம் முன்பதிவு செய்துவிட்டு வரலாம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மணி அடித்ததும் காட்சிச் செடிகளின் விற்பனை தொடங்குகிறது. ஆளுயர டெல்பினியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு மக்கள் ரயில் ஏறும் காட்சி அன்று செல்சி வீதியெங்கும் காணக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். செயற்கையான சூட்டிலோ குளிரிலோ வளர்ந்து, தன் பருவம் மாறிப் பூத்த செடி அது. அந்த ஆண்டில் மீண்டும் பூக்கும் என்று எதிர்பார்க்காமல், வாடிய கதிரை வெட்டிவிட்டு, நிழலான இடத்தில் சில நாட்கள் தேறவிட்டு நட வேண்டும். செடி விற்பனையே முதன்மையாக வேண்டும் என்பவர்களுக்குச் சங்கம் கோடையில் நடத்தும் பிற கண்காட்சிகள் ஏற்றவை; அங்கே முதல் நாளிலிருந்தே வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் செடியை எடுத்துச் செல்லலாமா?

பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டாம். செடிகளும் கிழங்குகளும், பெரும்பாலான நாடுகளுக்கு விதைகளும், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் நுழைய முடியாது. சில நாடுகள் இறக்குமதி அனுமதியையும் முன்கூட்டிக் கேட்கின்றன. இது வெறும் காகித விதியன்று. சைலெல்லா என்ற பாக்டீரியா செடிகளோடு பயணம் செய்து, இத்தாலியின் தென்பகுதியில் பல லட்சம் ஒலிவ மரங்களைப் பட்டுப்போகச் செய்திருக்கிறது. செடியின் முழுத் தாவரவியல் பெயரையும் ரகப் பெயரையும் எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொண்டு, உங்கள் நாட்டில் அதை வளர்க்கும் பண்ணையைத் தேடுவதே சிறந்த வழி. பூவைப் படம் எடுக்கும்போது அதன் பெயர்ப் பலகையையும் சேர்த்து எடுப்பது இதற்குப் பெரிதும் உதவும்.

செல்சி கவாத்து என்கிறார்களே, அது என்ன?

கண்காட்சி நடைபெறும் வாரத்தை ஒட்டிச் செய்யப்படுவதால் இந்தப் பெயர் வந்தது. ஃபிளாக்ஸ், ஹெலினியம், சீடம், ஆஸ்டர், எக்கினேசியா போன்று கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் பூக்கும் பல்லாண்டுச் செடிகளின் தண்டுகளை, மே இறுதியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெட்டிவிடுகிறார்கள். தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி, கீழே உள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக் கிளைக்கின்றன. செடி குள்ளமாகவும் திண்ணமாகவும் வளர்ந்து, காற்றில் சாயாமல், சற்றுச் சிறிய பூக்களை அதிக எண்ணிக்கையில், சில வாரங்கள் தாமதமாகத் தருகிறது. ஒரு புதரின் முன்பக்கத் தண்டுகளை மட்டும் வெட்டிப் பின்பக்கத்தை விட்டுவிட்டால், பின்னால் உள்ளவை முதலிலும் முன்னால் உள்ளவை அடுத்தும் பூத்து, பூக்காலம் நீளும். பண்ணையாளர்கள் குளிராலும் சூட்டாலும் செய்யும் அதே காலமாற்றத்தைத் தோட்டக்காரர் கத்தரிக்கோல் ஒன்றால் செய்துகொள்ளும் வழி இது.

வேறு தட்பவெப்பத்தில் இருப்பவர்கள் மே மாதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. செடி நன்றாகத் தழைத்து, ஆனால் மொட்டு தோன்றும் முன்பு உள்ள நிலையே கணக்கு. வெட்டிய அன்று நன்றாக நீர் ஊற்ற வேண்டும். வறட்சியில் வாடி நிற்கும் செடியை வெட்டக் கூடாது. ஐரிஸ், பியோனி, லூபின், டெல்பினியம் போன்று முன்பருவத்தில் பூக்கும் செடிகளில் இதைச் செய்தால் அந்த ஆண்டின் பூ முழுவதும் போய்விடும்.